ஒட்டுத்துணியின் கதை

சட்டையில் ஒட்டுப் போட்டுக்கொண்டு வந்தால் ஒரு காலத்தில் அது ஏழ்மையின் அடையாளம். இன்றைக்கு அதே ஒட்டுத்துணிக்கு 'பேட்ச்' என்று பெயர். கிழியாத ஜீன்ஸிலும் கிழியாத காலேஜ் பையிலும் காசு கொடுத்து வாங்கி ஒட்டிக்கொள்கிறார்கள். பின்பக்கம் பசையோடு வருகிறது, மேலே இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினால் வேலை முடிந்தது. (ரெண்டு துவைப்பில் ஓரம் தூக்கிக்கொண்டு நிற்பது தனிக்கதை. அதற்கான காரணமும் கீழே வருகிறது.)

கிழிசலை மறைக்க வந்த துணி, ஆளை அடையாளம் காட்டும் துணியாக எப்போது மாறியது? ஒரு கோபக்கார ஜெனரலிடமிருந்து ஆரம்பிக்கலாம்.

1862. அமெரிக்க உள்நாட்டுப் போர். வடக்குப் படையில் ஃபிலிப் கியர்னி என்று ஒரு ஜெனரல். 1847-ல் மெக்சிகோ போரில் இடது கையை இழந்தவர். ஒற்றைக் கையோடு குதிரையில் ஏறி, கடிவாளத்தைப் பல்லில் கவ்விக்கொண்டு போவார் என்று கதை சொல்வார்கள். ஒருநாள் சாலையோரம் சும்மா நின்றுகொண்டிருந்த சில அதிகாரிகளைப் பார்த்து வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாராம். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்ட அவர்கள், "ஐயா, நாங்கள் உங்கள் படைப்பிரிவே இல்லை" என்றார்களாம். மனிதர் மன்னிப்புக் கேட்டுவிட்டு, இனி தன் அதிகாரிகள் எல்லாரும் தொப்பியில் ஒரு சிவப்புத் துணியைத் தைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு போட்டார். முதல் துண்டுகள் அவருடைய சொந்தச் சிவப்புக் கம்பளியிலிருந்தே வெட்டப்பட்டன என்றும் சொல்வதுண்டு.

இதில் சுவாரசியம் அதற்குப் பிறகுதான். உத்தரவு அதிகாரிகளுக்கு மட்டும். ஆனால் சாதாரணச் சிப்பாய்களும் யாரும் சொல்லாமலே சிவப்புத் துணியைத் தேடிப்பிடித்துத் தைத்துக்கொண்டார்கள். 1862 செப்டம்பர் 1-ம் தேதி ஷான்டில்லி சண்டையில், கொட்டும் மழையில், வழி தவறி எதிரிகளின் வரிசைக்குள்ளேயே போய்விட்ட கியர்னி சுட்டுக் கொல்லப்பட்டார். எதிர்ப்படையின் தளபதி ராபர்ட் லீ அவர் உடலை மரியாதையோடு திருப்பி அனுப்பிவைத்தார். உத்தரவு போட்டவர் போய்விட்டார், துணி போகவில்லை. அவருடைய ஆட்கள் அதைக் கழற்றவே இல்லை.

1863-ல் ஜெனரல் ஹூக்கர் இதையே ராணுவம் முழுக்க நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒரு வடிவம்: வட்டம், டைமண்ட், சிலுவை என்று. உட்பிரிவுக்குத் தகுந்தபடி சிவப்பு, வெள்ளை, நீலம். பின்தங்கி நழுவுகிறவன் யாருடைய ஆள் என்று உடனே கண்டுபிடிக்கலாம் என்பதுதான் மேலிடத்தின் கணக்கு. சிப்பாய்க்கோ 'நான் இன்னாருடைய ஆள்' என்று நெஞ்சை நிமிர்த்திக்கொள்ள ஒரு சாக்கு. மேலே இருப்பவருக்கு அது கண்காணிப்பு, கீழே இருப்பவனுக்கு அது பெருமை. துணி ஒன்றுதான்.

அடுத்த கட்டம் 1918. முதல் உலகப் போருக்குப் புறப்பட்ட அமெரிக்காவின் 81-வது டிவிஷன், தெற்குக் கரோலினாவில் பயிற்சி எடுத்தது. பயிற்சி முகாமுக்குப் பக்கத்தில் காட்டுப்பூனை ஓடை என்று ஒரு ஓடை. அந்தப் பெயரையே தங்களுக்கு வைத்துக்கொண்டு, ஒரு பூனையின் உருவத்தை ஃபெல்ட் துணியில் வெட்டித் தோளில் தைத்துக்கொண்டார்கள். விதிமுறையில் இதற்கெல்லாம் இடமே கிடையாது. கப்பலேறப் போனபோதே ஆட்சேபம் கிளம்பியது. பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்ததும் மற்ற டிவிஷன்காரர்களும் புகைய ஆரம்பித்தார்கள். விவகாரம் தலைமைத் தளபதி பெர்ஷிங் வரைக்கும் போனது. அவர் 'கழற்று' என்று சொல்லியிருந்தால் பேட்சின் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் 1918 அக்டோபரில் அதை அனுமதித்தார். அதோடு நிற்காமல் மற்ற டிவிஷன்களையும் ஆளுக்கொரு சின்னம் தயார் செய்துகொள்ளச் சொல்லிவிட்டார். அமெரிக்க ராணுவத்தின் தோள் பேட்ச் பிறந்தது இப்படித்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இன்னொரு வழக்கமும் சேர்ந்துகொண்டது. இடது தோளில் இப்போது இருக்கும் படைப்பிரிவின் சின்னம், வலது தோளில் எந்தப் பிரிவோடு போருக்குப் போனாரோ அதன் சின்னம். ஒரு சிப்பாயின் தோள்களைப் பார்த்தே அவருடைய நிகழ்காலத்தையும் கடந்தகாலத்தையும் படித்துவிடலாம்.

லட்சக்கணக்கான பேருக்குக் கையால் பூவேலை செய்து மாளுமா? அதற்கு முன்பே ஸ்விட்சர்லாந்தில் வழி பிறந்திருந்தது. 1863-ல் இசாக் குரோப்லி என்பவர், தையல் மெஷினில் உள்ளது போல ஊசி நூலும் அடி நூலும் பின்னிக்கொள்ளும் ஒரு எம்ப்ராய்டரி மெஷினை உருவாக்கினார். அடி நூலைச் சுமக்கும் சாதனம் குட்டிப் படகு மாதிரி இருந்ததால், அவர்கள் ஊர் ஜெர்மன் பேச்சில் 'ஷிஃப்லி' என்று பெயர் வந்தது. நூற்றுக்கணக்கான ஊசிகள் ஒரே வரிசையில் நின்று ஒரே படத்தை ஒரே நேரத்தில் தைக்கும். பிற்பாடு அவர் மகன், துளையிட்ட அட்டையைப் பார்த்து மெஷினே தானாகத் தைக்கும்படி செய்தார். இந்த மெஷின்கள் அமெரிக்காவுக்குப் போய் நியூஜெர்சியில் ஹட்சன் நதிக்கரையோரம் குடியேறின. அங்கே யூனியன் சிட்டி என்ற ஊர், உலகின் எம்ப்ராய்டரித் தலைநகரம் என்றே தன்னைச் சொல்லிக்கொண்டது.

பேட்சின் ஓரத்தில் கயிறு மாதிரி தடிப்பாக ஒரு கரை ஓடுகிறதே, அதற்குப் பேர் 'மெரோ' பார்டர். கனெக்டிகட் மாநிலத்தில் ஓவர்லாக் மெஷின் செய்த மெரோ கம்பெனியின் பெயரே அந்தத் தையலுக்கும் நிலைத்துவிட்டது. வட்டம், சதுரம், கேடயம் போன்ற வடிவங்களுக்குத்தான் இந்தக் கரை ஒத்துவரும். நட்சத்திரம், டிராகன் மாதிரி கோணல்மாணலான உருவங்களுக்கு ஓரத்தை நெருக்கமாகத் தைத்து வெட்டித்தான் எடுக்க வேண்டும். பேட்ச் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இந்த ஓரத்தைத்தான். படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓரம் பிசிறினால் ஆறு மாதம் தாங்காது.

விரும்பி ஒட்டிக்கொண்டவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் இந்த வரலாறு பாதிதான்.

1941 செப்டம்பர் 19 முதல், ஜெர்மனியில் 6 வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு யூதரும் உள்ளங்கை அளவு மஞ்சள் நட்சத்திரம் ஒன்றை உடையின் இடது மார்பில் அணிந்தாக வேண்டும் என்று நாஜி அரசு சட்டம் போட்டது. நடுவில் கறுப்பு எழுத்தில் 'யூதர்' என்ற சொல். எப்படிப் பொருத்த வேண்டும் என்பதையும் சட்டமே சொன்னது: உறுதியாகத் தைத்திருக்க வேண்டும். பின் குத்திக்கொண்டால் வேண்டும்போது கழற்றிவிடலாம் அல்லவா? அந்த வழியையும் அடைத்தார்கள். 1942-ல் நெதர்லாந்துக்கும் பிரான்சின் ஆக்கிரமிக்கப்பட்ட பகுதிக்கும் இதே சட்டம் வந்தது. பிரான்சில் ஆளுக்கு மூன்று நட்சத்திரம். அதற்கு அவர்களுடைய துணி ரேஷன் கூப்பனிலேயே கழித்துக்கொண்டார்கள். தன்னை வேட்டையாட உதவும் துணிக்குத் தன் ரேஷனையே கொடுக்க வேண்டும்! பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சட்டையில் அம்மாக்கள்தான் உட்கார்ந்து தைத்தார்கள்.

இந்த இடத்தில் ஃபார்வர்டு மெயில்களில் உலவுகிற ஒரு கதையையும் சொல்லிவிட வேண்டும். டென்மார்க் அரசர் தானே மஞ்சள் நட்சத்திரத்தைக் குத்திக்கொண்டு தெருவில் வந்தார் என்பார்கள். நடக்கவில்லை. டென்மார்க்கில் அந்தச் சட்டம் வரவே இல்லை. 1943-ல் அந்த நாட்டு மக்கள் பெரும்பாலான யூதர்களைப் படகுகளில் ஏற்றி ஸ்வீடனுக்குத் தப்பவைத்தது உண்மை. கட்டுக்கதையைவிட அந்த உண்மை பெரிது.

வதைமுகாம்களுக்குள் நிறம் நிறமாக முக்கோணத் துணிகள். அரசியல் கைதிக்குச் சிவப்பு, யெகோவா சாட்சிகளுக்கு ஊதா, ஒருபாலீர்ப்பு ஆண்களுக்கு இளஞ்சிவப்பு. கைதி யார் என்பதைத் தீர்மானித்தவன் காவலன். ஆனால் 1970-களில் ஒருபாலீர்ப்பாளர் உரிமை இயக்கம் அதே இளஞ்சிவப்பு முக்கோணத்தைத் தானாக எடுத்து அணிந்துகொண்டது. 1987-ல் நியூயார்க்கில் எய்ட்ஸ் போராட்டக்காரர்கள் அதைத் தலைகீழாகத் திருப்பி, முனை மேலே இருக்கும்படி வைத்தார்கள். கட்டாயமாகத் தைக்கப்பட்ட துணி, 40 வருடம் கழித்து விரும்பி அணியும் துணியானது.

இனி இஸ்திரிப் பெட்டிக்கு வரலாம்.

ஊசி நூல் இல்லாமல் துணியோடு துணியை ஒட்டும் யோசனை பேட்சுக்காகப் பிறந்ததல்ல, சட்டைக் காலருக்காகப் பிறந்தது. கஞ்சி போடாமலே காலர் விறைப்பாக நிற்க வேண்டும் என்பது 1930-களின் ஆசை. சூடு பட்டால் இளகி, ஆறினால் இறுகும் பிளாஸ்டிக் வகைகள் பெருகியபோது அது கைகூடியது. இன்றைக்கும் டெய்லர் கடையில் காலருக்குள் வைக்கும் கேன்வாஸை இஸ்திரி போட்டு ஒட்டவைப்பதைப் பார்க்கலாம். பேட்சின் முதுகில் இருப்பதும் அதன் உறவுதான். படலமாகப் பூசப்பட்ட பிளாஸ்டிக். சூட்டில் உருகித் துணியின் இழைகளுக்கு நடுவே இறங்குகிறது, ஆறும்போது அங்கேயே கெட்டியாகிப் பிடித்துக்கொள்கிறது.

முழங்கால் கிழிந்த பையன்களின் கால்சட்டைக்காக வந்த இந்தச் சரக்கை, 1960-களின் கடைசியிலும் 70-களிலும் இளைஞர்கள் வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1958-ல் அணு ஆயுத எதிர்ப்பு ஊர்வலத்துக்காக ஜெரால்ட் ஹோல்டம் வரைந்த சமாதானச் சின்னம், 1963-ல் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக ஹார்வி பால் 45 டாலருக்கு வரைந்து கொடுத்த மஞ்சள் சிரிப்பு முகம், எல்லாம் ஜீன்ஸில் ஏறின. வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்கள், படைப்பிரிவு பேட்ச் தைத்த அதே ராணுவச் சட்டையோடு போரை எதிர்த்து ஊர்வலம் போனார்கள்.

ஒட்டும் முறையில் மர்மம் ஒன்றுமில்லை. அந்தப் பிளாஸ்டிக் சரியாக உருக வேண்டும், உருகியது இழைக்குள் இறங்க வேண்டும், அசையாமல் ஆற வேண்டும். மூன்றில் ஒன்று தப்பினாலும் ஓரம் தூக்கிக்கொள்ளும். அதனால் புதுத்துணியாக இருந்தால் முதலில் ஒருமுறை துவைத்துக் காயவையுங்கள். புதுத்துணியின் கஞ்சியும் மினுமினுப்பும் பசையை உள்ளே விடாது. நீராவியை அணைத்துவிட்டு, காட்டன் அளவில் பெட்டியைச் சூடாக்கி, பேட்ச் மேல் ஒரு மெல்லிய பருத்தித் துணியைப் போட்டு, தேய்க்காமல் அரை நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். பெரும்பாலோர் செய்யும் தப்பு இதில்தான்: வழக்கமாகச் சட்டை தேய்ப்பது போலப் பெட்டியை முன்னும் பின்னும் இழுப்பார்கள், பேட்ச் நகர்ந்துவிடும். பிறகு துணியைத் திருப்பி உள்பக்கமாகவும் அழுத்த வேண்டும். எம்ப்ராய்டரி நூல் கனமாக இருப்பதால் மேலிருந்து வரும் சூடு மட்டும் பசை வரைக்கும் போய்ச் சேராது. கை பொறுக்கும் அளவுக்கு ஆறும் முன் ஓரத்தை நோண்டிப் பார்க்கக் கூடாது. (எல்லாரும் நோண்டுவார்கள்!)

எல்லாத் துணிக்கும் இது ஆகாது. ஜீன்ஸும் கான்வாஸும் காட்டனும் உத்தமம். நைலான் பை, மழைக்கோட்டு பக்கம் இஸ்திரிப் பெட்டியைக் கொண்டே போகாதீர்கள். காட்டன் அளவில் பெட்டியின் சூடு 200 டிகிரியைத் தொடும். பேட்ச் ஒட்டுவதற்கு முன்னால் பை சுருங்கிவிடும். இழுபடும் பனியன் துணியிலோ, துணி இழுபடும், பேட்ச் இழுபடாது, சுற்றிலும் சுருக்கம் விழும். தோலில் ஒட்டாது. இந்த இடங்களில் பழைய ஊசி நூல்தான் கதி. அடிக்கடி துவைக்கிற துணியாக இருந்தால் காட்டனிலும் கூட, ஒட்டிய பிறகு ஓரத்தைச் சுற்றி ஒரு தையல் ஓட்டிவிடுவது நல்லது.

பேட்சுக்கு மவுசு ஏற்றிவிட்டவர்கள் விண்வெளிக்காரர்கள்.

ஆரம்பத்தில் அமெரிக்க விண்வெளி வீரர்கள் தங்கள் கலத்துக்குத் தாங்களே பெயர் வைத்தார்கள். 1961-ல் கஸ் கிரிஸம் போய்வந்த கலம் கடலில் இறங்கியதும் மூழ்கிப்போனது. 1965-ல் ஜெமினி 3-ல் மறுபடி போகும்போது மனிதர் குறும்பாக, ஒரு இசை நாடகத்தில் வரும் 'மூழ்காத' மோலி பிரவுனின் பெயரைச் சூட்டினார். நாஸாவுக்கு இந்த நகைச்சுவை பிடிக்கவில்லை. இனிப் பெயரே வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதே ஆண்டு ஆகஸ்டில் ஜெமினி 5-ல் போகவிருந்த கார்டன் கூப்பர், பெயர் இல்லாவிட்டால் போகட்டும், ஒரு பேட்சாவது வேண்டும் என்றார். விமானப்படையில் இருந்தவர், அங்கே பேட்ச் இல்லாத பிரிவே கிடையாது. அவரும் உடன் போகும் பீட் கான்ராடும், பழைய காலத்தில் மேற்கு நோக்கிக் குடியேறியவர்கள் போன கூண்டு வண்டியை வரைந்து, '8 நாள், இல்லாவிட்டால் அம்பேல்' என்ற பொருளில் ஒரு வாசகத்தையும் போட்டார்கள். நாஸா தலைவர் ஜேம்ஸ் வெப் வண்டிக்குச் சம்மதித்தார், வாசகத்துக்குச் சம்மதிக்கவில்லை. 8 நாள் முடியாமல் திரும்பிவிட்டால் பத்திரிகைகள் கிழித்துத் தொங்கவிடும் என்ற பயம். கடைசியில் ஒரு சமரசம்: வாசகத்தின் மேல் ஒரு துண்டுத் துணியைத் தைத்து மூடிவிட வேண்டும். பேட்சுக்கே ஒட்டுப் போட்டுத்தான் மேலே அனுப்பினார்கள்!

போன கொஞ்ச நேரத்திலேயே மின்சாரம் தரும் எரிபொருள் கலத்தில் கோளாறு. பாதியில் இறக்கிவிடலாமா என்கிற அளவுக்குப் போனது. சமாளித்துவிட்டார்கள். இறங்கும் பகுதிக்கு அருகே புயல் வந்ததால் ஒரு சுற்றுக்கு முன்பே கீழே வந்தார்கள். கணக்குப் பார்த்தால் 7 நாள், 22 மணி, 55 நிமிடம். யாரும் அதைக் கிளறவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு பேட்ச் என்பது வழக்கமானது.

அப்போலோ 11 பேட்சை வரைந்தது, நிலவில் இறங்காமல் மேலேயே சுற்றிக்கொண்டிருந்த மைக்கேல் காலின்ஸ். பறவைப் புத்தகம் ஒன்றிலிருந்த கழுகைப் பிரதியெடுத்து, அலகில் ஒரு ஆலிவ் கிளையைக் கொடுத்தார். விரிந்த நகங்களோடு நிலவின் மேல் கழுகு இறங்குவது ஆக்கிரமிப்பு மாதிரி தெரிகிறது என்று மேலிடத்தில் யோசித்தார்கள். கிளையை அலகிலிருந்து எடுத்துக் காலில் கொடுத்துவிட்டார்கள், நகம் மறைந்துவிட்டது. மூன்று பேரின் பெயரும் அதில் இல்லை. நிலவுப் பயணத்துக்காக உழைத்த அத்தனை பேருக்கும் உரியதாக இருக்கட்டும் என்று அவர்களே விட்டுவிட்டார்கள். கூர்ந்து பார்த்தால் ஒரு தப்பும் உண்டு: தூரத்தில் தெரியும் பூமியின் மேல் நிழல் விழுந்திருக்கும் பக்கம் சரியில்லை. அதையும் திருத்தாமலே நிலவுக்கு எடுத்துப் போனார்கள். அப்போலோ 13 பேட்சிலும் பெயர்கள் இல்லை. கிளம்புவதற்குச் சில நாள் முன்பு, ஜெர்மன் மீஸில்ஸ் தொற்றும் அபாயத்தால் மேட்டிங்லி நீக்கப்பட்டு ஸ்விகர்ட் வந்தபோது பேட்சில் கைவைக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இன்னொரு சங்கதி பலருக்குத் தெரியாது. நிலவுக்குப் போன உடையில் இருந்தது எம்ப்ராய்டரி பேட்சே அல்ல. 1967 ஜனவரி 27-ல் அப்போலோ 1 தரைச் சோதனையின்போது, சுத்த ஆக்சிஜன் நிரம்பிய கலத்துக்குள் தீப்பிடித்து கிரிஸம், வைட், சாஃபி மூவரும் இறந்தார்கள். உள்ளே இருந்த நைலான் வலையும் வெல்க்ரோவும் தீயை மளமளவென்று பரப்பின. அதன் பிறகு உடையின் வெளித்துணி, கண்ணாடி இழையில் நெய்து டெஃப்லான் பூசிய 'பீட்டா' துணிக்கு மாறியது. பேட்ச், கொடி எல்லாவற்றையும் அந்தத் துணியிலேயே அச்சடித்துத் தைத்தார்கள். கடைகளில் விற்றது மட்டுமே நூல் வேலைப்பாடு. 1970-லிருந்து நாஸாவுக்கு அதிகாரபூர்வமாக எம்ப்ராய்டரி பேட்ச் செய்து கொடுத்து வந்தது வடக்குக் கரோலினாவின் வீவர்வில் என்ற சிற்றூரில் இருக்கும் ஏபி எம்ப்ளம் கம்பெனி.

1986-ல் சேலஞ்சரில் போன பள்ளி ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃபுக்காக, அந்தப் பயண பேட்சில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு ஆப்பிள். 2003-ல் கல்பனா சாவ்லா போன கொலம்பியாவின் பேட்ச், விண்கலத்தின் வடிவத்திலேயே வெட்டப்பட்டது. ஓரத்தைச் சுற்றி ஏழு பெயர்கள். இரண்டு கலங்களிலும் போனவர்கள் யாரும் திரும்பவில்லை.

தைப்பதற்கும் ஒட்டுவதற்கும் அப்புறம் மூன்றாவதாக வந்தது வெல்க்ரோ. துணியில் ஒட்டிக்கொண்ட முள்விதையைப் பார்த்து ஸ்விட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் கண்டுபிடித்தது. 2004-ல் அமெரிக்க ராணுவம் அறிவித்த புதுச் சீருடையில் தோள் பேட்ச், பெயர்ப்பட்டை எல்லாமே வெல்க்ரோவுக்கு மாறின. பிரிவு மாறினால் டெய்லரிடம் ஓட வேண்டியதில்லை, ஒரு இழுப்பில் கழற்றி இன்னொன்றை ஒட்டிவிடலாம். ஆனால் ஈராக், ஆப்கானிஸ்தான் புழுதி அந்த முட்களை அடைத்துக்கொண்டது. அமைதியான ராத்திரியில் 'பர்ர்ர்' என்று அது பிரியும் சத்தமும் சிப்பாய்களுக்குப் பிடிக்கவில்லை. புகார் போகப் போக, சில பட்டைகளை மறுபடி தைத்துக்கொள்ள அனுமதி வந்தது. முகாமுக்கு வெளியே இருந்த தையல் கடைகளுக்கும் மறுபடி வேலை வந்தது.